தூத்துக்குடியின் பழைய கல்லூரி எங்கே போனது? நூறாண்டுக் கட்டடங்களும் ஹாஸ்டல்களும்: இடிக்கணுமா, காக்கணுமா?

தூத்துக்குடியில் கால்டுவெல் என்று சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரு பள்ளிக்கூடம். ஆனால் அந்தப் பெயரில் இதே ஊரில் ஒரு கல்லூரி இருந்தது, 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கல்லூரி நீடிக்கவில்லை. அது போன பிறகு, முத்துக்குளித்துறையின் தலைநகரம் மாதிரி இருந்த இந்தத் துறைமுக நகரம் இன்னொரு கல்லூரிக்காக அரை நூற்றாண்டு காத்திருந்தது.

இந்தப் பழைய கதையை இப்போ ஏன் பேசணும்? காரணம் இருக்கு. தமிழ்நாடு முழுக்க கல்லூரி வளாகங்களில் பழைய வகுப்பறைகளும் ஹாஸ்டல்களும் ஒரே கேள்வியைச் சந்திக்கின்றன. பழுது பார்ப்பதா, இடித்துவிட்டுப் புதுசா கட்டுவதா? கடலோர ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. உப்புக்காற்று, வெள்ளம், பணம், பாதுகாப்பு, சட்டம் எல்லாமே இதில் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கால்டுவெல் கல்லூரி: நடந்தது என்ன?

கதை தொடங்குவது தூத்துக்குடியில் இல்லை, சாயர்புரத்தில். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு.போப், 1840-களில் அங்கே ஒரு கல்விச்சாலையை வளர்த்தெடுத்தார். மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். போப் பெயரில் சாயர்புரத்தில் இன்றும் கல்லூரி இருக்கு.

1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய ராபர்ட் கால்டுவெல், இடையன்குடியில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். 1880-களில் அவர் தூத்துக்குடிக்கு வந்தார். சாயர்புரத்தில் நடந்துவந்த உயர்கல்வியும் அதே காலத்தில் தூத்துக்குடிக்கு மாறியது. கால்டுவெல் கல்லூரி என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

ஏன் தூத்துக்குடி? 1876-ல் ரயில் வந்துவிட்டது. கொழும்புக்குக் கப்பல் போகும் ஊர். பஞ்சு, உப்பு, முத்து என்று வியாபாரம் ஓடிய ஊர். கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது என்று அப்போது தோன்றியிருக்கலாம்.

ஆனால் 1891-ல் கால்டுவெல் கொடைக்கானலில் காலமானார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கல்லூரியும் நின்றுபோனது. பள்ளி மட்டும் தொடர்ந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் படித்த பள்ளிகளில் கால்டுவெல் பள்ளியும் ஒன்று.

அதற்குப் பிறகு 1948-ல்தான் பெண்களுக்கான தூய மரியன்னை கல்லூரி வந்தது. 1951-ல் வ.உ.சிதம்பரம் கல்லூரி வந்தது. 1966-ல் காமராஜ் கல்லூரி.

அதுவரை தூத்துக்குடிப் பிள்ளைகள் எங்கே படிச்சாங்க?

சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வார்கள். தூய யோவான் கல்லூரி 1878-ல் தொடங்கியது. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1890-களில் வந்தது. தூய சவேரியார் கல்லூரி 1923-ல். திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி. பாரதியார் அந்தக் கல்லூரியைச் சேர்ந்த பள்ளியில்தான் படித்தார். அவர் படித்த வகுப்பறை இன்றும் அவர் நினைவாகப் பேணப்படுகிறது.

பாளையங்கோட்டைக்கு தினமும் போய் வர அன்று பஸ் வசதி இல்லை. அதனால் கல்லூரி என்றாலே ஹாஸ்டல்தான். கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கும், தேரிக்காட்டு ஊர்ப் பிள்ளைக்கும், கரிசல் காட்டுப் பிள்ளைக்கும் பட்டப்படிப்பு என்பது ஒரு டிரங்குப் பெட்டியோடு தொடங்கியது.

இதனால்தான் வளாகப் பாரம்பரியம் என்று பேசும்போது மணிக்கூண்டு, மெயின் ஹால், சேப்பல் மட்டும் போதாது. ஹாஸ்டலையும் சேர்த்துத்தான் பேசணும்.

ஹாஸ்டலில் அப்படி என்ன வரலாறு இருக்கு?

சாப்பாட்டு வரிசையில் இருக்கு வரலாறு.

இதற்குத் தமிழ்நாட்டில் மிகப்பெரிய உதாரணம், பாளையங்கோட்டையிலிருந்து அதிக தூரம் இல்லாத சேரன்மகாதேவி. வ.வே.சு.ஐயர் அங்கே 1920-களின் தொடக்கத்தில் ஒரு குருகுலம் நடத்தினார். மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம். காங்கிரஸ் நிதியும் அதற்குப் போனது. அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்படுகிறது என்ற தகவல் வெளியே வந்ததும் பெரும் சர்ச்சை வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1925-ல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அவர் வெளியேறியதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் நேரடிக் காரணம் என்றாலும், அந்த மனக்கசப்பில் குருகுலத்துச் சாப்பாட்டு அறைக்கும் பங்கு உண்டு.

ஒரு மாணவர் விடுதியின் சாப்பாட்டு அறை ஒரு மாநிலத்தின் அரசியலையே அசைத்திருக்கிறது.

பழைய ஹாஸ்டல்களைக் கவனிச்சுப் பார்த்தால் இது கட்டடத்திலேயே தெரியும். எத்தனை சமையலறை இருந்தது, எத்தனை கிணறு, யாருக்கு எந்த வாசல் என்று பார்த்தாலே போதும். ஒரே ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் எப்போது வந்தது என்ற கேள்விக்கு, பல நேரங்களில் சுவரை இடித்துச் சேர்த்த தடம்தான் சாட்சி. கட்டடத்தை இடித்தால் அந்தச் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

இன்னொரு உதாரணம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. நகரத்துக்குள் இருந்த இந்தக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு மாறியது. மாறியபோதே சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற மூன்று விடுதிகளும் கல்லூரியின் அடிப்படை அங்கமாக இருந்தன. சுவிட்சர்லாந்து கட்டடக் கலைஞர் ஹென்றி ஷாட்டி வடிவமைத்த வளாகம் அது. அங்கே படித்தவர்களிடம் கேட்டால் முதலில் எந்த ஹால் என்றுதான் சொல்வார்கள், எந்தப் பாடம் என்பது அப்புறம்.

இந்தக் கட்டடங்களை எதை வைத்துக் கட்டினார்கள்?

இங்கேதான் தூத்துக்குடிக் கடற்கரை தனித்து நிற்கிறது.

சிமென்ட் பரவலாக வருவதற்கு முன், கட்டடத்தைப் பிடித்து நிறுத்தியது சுண்ணாம்பு. மன்னார் வளைகுடாக் கரையில் அந்தச் சுண்ணாம்பு கடலிலிருந்தே வந்தது. சிப்பியையும் பவளப்பாறையையும் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பவளப்பாறைக் கல்லை அப்படியே சுவர் கட்டவும் பயன்படுத்தினார்கள்.

கூரைக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரையை அடித்து இறுக்கும் முறை. உயரமான உட்கூரை, அகலமான வராண்டா, மேலே காற்றுப்போக்கி. மின்விசிறி இல்லாத காலத்து வெயிலுக்கான பதில் அது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடா பெரும் விலை கொடுத்தது. 21 தீவுகள் இருந்த இடத்தில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறை வெட்டியது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986-ல் இப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அதாவது, அந்தக் கல்லை இனி யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அப்படியென்றால் கடலிலிருந்து எடுத்துக் கட்டிய ஒரு சுவரை இன்று அலட்சியமாக இடித்துக் குப்பையில் கொட்டுவது, அந்தக் கடலுக்கு இரண்டாவது தடவை செய்யும் அநியாயம்.

பழைய கட்டடம்னாலே ஆபத்துதானே?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதில் இரும்புக்கம்பி கிடையாது, அதனால் துருப்பிடிக்கும் பேச்சே இல்லை.

சிக்கல் எங்கே தொடங்குது தெரியுமா? நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பில்தான். காரை பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசுகிறார்கள். மேலே பளபள பெயின்ட் அடிக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. கடலோர மண்ணிலும் காற்றிலும் உள்ள உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்து சுவருக்குள் படிகமாக மாறி, காரையைத் தள்ளுகிறது. ரெண்டே வருஷத்தில் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். "பழைய கட்டடம், அதான் உதிருது" என்பார்கள். உண்மையில் உதிர்வது புதிய சிமென்ட் பூச்சு.

இன்னொரு பக்கம், சுதந்திரத்துக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் கட்டடங்கள். தூத்துக்குடி மாதிரி ஊரில் உப்பு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். உட்கூரையிலிருந்து துண்டு துண்டாக விழும். ஆற்று மணலுக்குப் பதில் உப்பு கலந்த மணலோ, உப்புத் தண்ணீரோ பயன்படுத்தியிருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், கடலோரத்தில் 1890-ல் கட்டிய சுண்ணாம்பு வராண்டாவைவிட 1965-ல் கட்டிய கான்கிரீட் ஹாஸ்டல் பலவீனமாக இருக்க வாய்ப்பு உண்டு. வயதை மட்டும் வைத்து முடிவு எடுக்க முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்லணும்.

இதோடு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படி ஊறிய அடித்தளங்களின் பாதிப்பு உடனே வெளியே தெரியாது. ஈரம் காய்ந்து, உப்பு மேலே ஏறி வரும்போதுதான் தெரியும்.

அப்போ மாணவர் பாதுகாப்பு?

அதுதான் முதலில். அதில் சமரசமே கிடையாது.

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கல்விக்கூடக் கட்டட விதிகளை இந்த மாநிலம் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டன, பழுதானவை இடிக்கப்பட்டன.

அந்த நடவடிக்கை தேவைதான். ஆனால் இரண்டு விபத்துகளிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கும்பகோணத்தில் எமனாக வந்தது கீற்றுக்கொட்டகையும் குறுகிய வழியும். திருநெல்வேலியில் விழுந்தது ஒரு கழிவறைச் சுவர். நூறாண்டு மெயின் ஹால் எதுவும் இடிந்து விழவில்லை. ஒழுங்காகக் கட்டாததும், ஒழுங்காகப் பார்க்காததும்தான் உயிரை எடுத்தன.

ஹாஸ்டல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வகுப்பறையில் மாணவர்கள் பகலில் விழித்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் தூங்குகிறார்கள். பழைய மரக் கூரை, மரப் படிக்கட்டு உள்ள கட்டடத்தில் நாற்பது செல்போன் சார்ஜரும் இரும்புப்பெட்டியும் ஹீட்டரும் ஒரே வயரில் ஓடினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்காகவே தமிழ்நாட்டில் 2014-ல் தனி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது.

எனவே பாதுகாப்பா, பாரம்பரியமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை இல்லை இது. மாணவர்கள் தூங்க முடியாத கட்டடத்தில் நூலகம் வைக்கலாம், வாசிப்பறை வைக்கலாம், காட்சியகம் வைக்கலாம். ஆள் தங்கும் வேலையை மட்டும் புதுக் கட்டடத்துக்கு மாற்றினால் போதும். இடிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

சட்டம் காப்பாத்தாதா?

பெரும்பாலும் இல்லை. ஏன்னு பாருங்க.

தொல்லியல் சட்டங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் 1958 சட்டம், தமிழ்நாட்டின் 1966 சட்டம். 1958 சட்டப்படி ஒரு கட்டடம் புராதனச் சின்னமாகக் கருதப்பட குறைந்தது நூறு வயது ஆகியிருக்கணும். அதோடு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கவும் வேண்டும். மாணவர்கள் தினமும் பயன்படுத்தும் கல்லூரிக் கட்டடங்கள் இந்தப் பட்டியலுக்குள் வருவது அபூர்வம். வந்தால் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று வரும் என்பதால் நிர்வாகங்களும் விரும்புவதில்லை.

சென்னையில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் முயற்சிக்கு எதிராக இன்டாக் அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டடத்தைக் காக்கும் வகையில் தீர்ப்பளித்தது. பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காப்பதற்கான குழு பற்றிய பேச்சும் அதன் பிறகு வேகமெடுத்தது. ஆனால் அந்த ஏற்பாடு சென்னைப் பெருநகரப் பகுதிக்கானது. தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ அது பொருந்தாது.

மாநிலம் முழுவதற்குமான பாரம்பரிய ஆணையச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 2012-ல். ஆனால் நடைமுறைக்கு வராமலே பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. அந்த இடைவெளியில் எத்தனை கட்டடங்கள் போயின என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

யுஜிசி ஒரு முயற்சி செய்தது. நூறாண்டு கண்ட கல்லூரிகளுக்குப் பாரம்பரியத் தகுதி கொடுத்து, பராமரிப்புக்கு நிதி வழங்கும் திட்டம். 2015-ல் நாடு முழுவதும் 19 கல்லூரிகள் முதலில் தேர்வாகின. கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி அதில் ஒன்று. நல்ல திட்டம்தான். ஆனால் இங்கேயும் அதே நூறாண்டு நிபந்தனை.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

முதல் பாடம், சென்னை ராணி மேரிக் கல்லூரி. 1914-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. 2003-ல் அந்த வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அப்போதைய அ.தி.மு.க. அரசு முடிவெடுத்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். எதிர்க்கட்சிகளும் இறங்கின. அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வளாகம் பிழைத்தது.

ஆனால் கல்லூரி பிறந்த கேப்பர் ஹவுஸ் கட்டடம் இன்று இல்லை. பராமரிப்பில்லாமல் சிதைந்து, கடைசியில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் புது மாளிகை வந்துவிட்டது. ஆட்சியாளர்களின் உத்தரவை எதிர்த்து ஜெயித்த வளாகம், ஒழுகிய கூரையிடம் தோற்றுப்போனது.

இரண்டாவது பாடம், மதுரை அமெரிக்கன் கல்லூரி. 1881-ல் பசுமலையில் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நகருக்கு வந்தது. மைசூர் அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின் வரைந்த சிவப்புச் செங்கல் மெயின் ஹால் அங்கே இன்றும் நிற்கிறது, பயன்பாட்டில் இருக்கிறது. ஆள் புழங்கினால் ஓடு உடைந்தது மறுநாளே தெரியும். பூட்டி வைத்தால் அரசங்கன்று முளைத்து வேர் சுவரைப் பிளந்த பிறகுதான் தெரியும்.

அந்தக் கல்லூரி நூலகத்துக்கு டேனியல் பூவர் பெயர். அவர் அதற்கு முன் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய செமினரியின் முதல்வராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவரும், தொல்காப்பியம், கலித்தொகை உள்ளிட்ட நூல்களைப் பதிப்பித்தவருமான சி.வை.தாமோதரம்பிள்ளை படித்தது அந்த வட்டுக்கோட்டையில்தான். கடலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முத்து மட்டும் போய்வரவில்லை, கல்வியும் போய்வந்திருக்கிறது.

மூன்றாவது பாடமும் யாழ்ப்பாணம்தான். 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பிறகு பழைய தோற்றத்திலேயே மீட்டுக் கட்டினார்கள். எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விட்டுவைக்கலாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. கட்டடம் திரும்பி வந்தது, எரிந்த ஓலைச்சுவடிகள் திரும்பி வரவில்லை.

பணம் யார் கொடுக்கிறது?

இதுதான் எல்லோரும் தயங்கும் கேள்வி.

அரசு உதவிபெறும் கல்லூரிகளில், அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கட்டடப் பராமரிப்பு பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில். அந்தப் பிரிவு மாணவர்களின் கட்டணமோ குறைவு. நிர்வாகத்தின் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஆய்வகமா, கழிவறையா, பழைய கூரையா என்ற கேள்வி வரும். நாக் குழு வரும் வருஷத்தில் பெயின்ட் அடிக்கப்படும். அடித்தளத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் கஷ்டம். சுண்ணாம்பை ஊறப்போட்டு, அரைத்து, பக்குவம் பார்க்க நாள் ஆகும். சிமென்ட் என்றால் அன்றைக்கே முடியும். அதனால் "இடிச்சுட்டுப் புதுசா கட்டுனா செலவு கம்மி" என்பது ஒப்பந்ததாரர் சொல்லும் வழக்கமான பதில். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் இடிக்கும் செலவு, இடிபாடு அள்ளும் செலவு, கடலோரத்தில் புதுக் கான்கிரீட்டின் ஆயுள் எல்லாம் சேர்க்கப்பட்டதா என்று கேட்கணும்.

திறமை இல்லை என்று சொல்லவும் முடியாது. 2012-ல் தீயில் எரிந்த சேப்பாக்கம் மாளிகையின் ஒரு பகுதியைப் பொதுப்பணித்துறை பழைய முறையிலேயே மீட்டுக் காட்டியிருக்கிறது. அங்கே செய்ய முடிந்ததை மாவட்டக் கல்லூரிகளுக்கும் சொல்லிக்கொடுக்க முடியும்.

எழுபது வயசுதான் ஆபத்தான வயசு

இப்போ மறுபடி தூத்துக்குடிக்கு வருவோம்.

தூய மரியன்னை கல்லூரிக்கு நூறு வயது ஆவது 2048-ல். வ.உ.சி. கல்லூரிக்கு 2051-ல். அவற்றின் முதல் கட்டடங்கள் எதுவும் இன்றைய அளவுகோலில் பாரம்பரியம் ஆகாது. சட்டம் திரும்பிப் பார்க்காது. நிதித் திட்டம் திரும்பிப் பார்க்காது. எழுபது, எண்பது வயதுக் கட்டடத்தைப் பார்த்தால் யாருக்கும் பழமை என்று தோன்றாது, பழசு என்றுதான் தோன்றும்.

ஆனால் சுதந்திரத்துக்குப் பிந்தைய தூத்துக்குடியின் வரலாறு அங்கேதான் இருக்கிறது. மீனவர் வீட்டிலும் உப்பளத் தொழிலாளர் வீட்டிலும் மில் தொழிலாளர் வீட்டிலும் முதல் பட்டதாரி உருவானது, கால்டுவெல் காலத்துக் கல்லூரியில் இல்லை, இந்தக் கட்டடங்களில். பாளையங்கோட்டைக்குப் பெட்டி தூக்கிப் போக வசதியில்லாத பெண்பிள்ளைகள் சொந்த ஊரிலேயே டிகிரி வாங்கிய இடங்கள் இவை.

நூறு வயதில்தான் மதிப்போம் என்றால், ஒரு கட்டடம் எழுபதிலிருந்து நூறு வரை தானாகத் தப்பிப் பிழைத்தாகணும். உப்புக்காற்றில் அது நடப்பது கஷ்டம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

பெரிய நிதிக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் ஆவணம். எந்தக் கட்டடம் எந்த ஆண்டு, யார் பணத்தில், எதை வைத்துக் கட்டப்பட்டது, முதலில் என்ன பயன்பாட்டில் இருந்தது என்று ஒவ்வொரு கல்லூரியும் எழுதி வைக்கலாம். வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது. பழைய ஹாஸ்டல் மாணவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யணும்.

இரண்டாவது, ஆய்வு. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை. கூரைத் தண்ணீர் எங்கே போகிறது, சுவரில் எவ்வளவு உயரம் ஈரம் ஏறியிருக்கிறது, செடி முளைத்திருக்கிறதா, வயரிங் எந்தக் காலத்தது? இந்த நாலு கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதி ஆபத்தைத் தடுக்கலாம்.

மூன்றாவது, பூச்சு. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். பழைய சுவரில் சிமென்ட் மட்டும் வேண்டாம்.

நான்காவது, அரசு. மாவட்ட அளவில் ஒரு பட்டியல் வேண்டும். நூறு வயதுக்குக் காத்திருக்காமல், முக்கியத்துவத்தை வைத்துத் தயாரிக்கும் பட்டியல். அதில் இருக்கும் கட்டடத்தை இடிக்கணும் என்றால், சுயேச்சையான பொறியாளர் ஒருவரின் அறிக்கை கட்டாயம் என்று வைத்தாலே போதும். அவசர இடிப்புகள் குறையும், உண்மையிலேயே ஆபத்தான கட்டடங்களும் வெளியே தெரியவரும்.

கால்டுவெல் கல்லூரி நின்றபோது தூத்துக்குடியில் அடுத்த கல்லூரிக் கட்டடம் எழ அரை நூற்றாண்டு ஆனது. அப்படிக் காத்திருந்து கிடைத்த கட்டடங்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அடுத்த மழை வருவதற்குள் யாராவது ஒருவர் மாடியேறி, தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தால் நல்லது.